அந்த மூலையில் மட்டும் ஏன் இத்தனை ஆணி?

ஸ்டார்ம் லேக், அயோவா
மார்ச் 4

லவீனா ஷ்ராக் அவர்களுக்கு,

இந்த அகால வேளையில் எழுதுவதற்கு முதலில் மன்னித்துவிடுங்கள். கடிதம் எந்த நேரத்தில் எழுதப்பட்டது என்று உறையைப் பார்த்தால் தெரியாதுதான். ஆனால் என் கோணல் எழுத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும், மடியில் ஒரு குழந்தையைத் தூங்கப் போட்டுக்கொண்டு, ஒரு கையால் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு எழுதியது என்று. பகலில் அவள் என்னை உட்காரவிடுவதில்லை.

என்னை உங்களுக்குத் தெரியாது. என் பெயர் அன்னிக்கா லுண்ட். என் கணவர் கர்ட் காற்றாலைக் கோபுரங்களில் ஏறிப் பழுது பார்க்கிறவர். வேலை எங்கே கூப்பிடுகிறதோ அங்கே போக வேண்டும். ஊருக்கு ஊர் வாடகை வீடு தேடி அலுத்துப்போய், போன அக்டோபரில் வீட்டையே சக்கரத்தின் மேல் வைத்துக்கொண்டோம். புத்தம்புது வீட்டு வண்டி. உங்கள் தொழிற்சாலையில் செய்தது. விற்பனைக் கடை முற்றத்தில் ஒரு வருஷத்துக்கு மேல் நின்றிருந்ததாம், அதனால் விலை குறைத்துக் கொடுத்தார்கள். எங்களுக்கு இப்போது வேறு வீடு கிடையாது.

ஜனவரியில் ஒரு நாற்றம் வந்தது. நனைந்த நாயின் நாற்றம். எங்களிடம் நாய் இல்லை. என் இரண்டரை வயது மகள் ஜூனியின் படுக்கைக்கு மேலே, கூரை மூலையில் சுவர் லேசாகப் புடைத்திருந்தது. கம்பெனிக்குப் போன் செய்தேன். பிராண்டி என்று ஒரு பெண் எடுத்தாள்.

"உள்ள எத்தனை பேர் இருக்கீங்க மேடம்?"

"மூணு பேர்."

"மூணு பேரும் மூச்சு விடறீங்களா?"

"விடறோம்."

"அதாங்க ஈரம். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைங்க, சரியாயிடும்."

ஜனவரி மாதத்து அயோவாவில் ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்கிறாள்! விற்ற கடைக்காரரைக் கேட்டால், "பழுது பாக்குற கொட்டகை ஜூன் வரைக்கும் நிறைஞ்சிருக்கும்மா" என்கிறார். அதற்குள் ஜூனி இரும ஆரம்பித்துவிட்டாள்.

இப்போது நான் செய்த காரியத்தைச் சொல்கிறேன். கல்லூரியில் நான் நிலவியல் படித்தவள். பாறையைக் கண்டால் உடைத்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்கு நான்கு வருஷம் படித்திருக்கிறேன். ஒரு மதியம் ஜூனி தூங்கும்போது, கேக் எடுக்கும் கரண்டியைச் சுவர்ப் பலகையின் விளிம்பில் நுழைத்து நெம்பிவிட்டேன். பலகை காப்பியில் நனைத்த பிஸ்கட் மாதிரி கையோடு வந்தது. பின்பக்கம் முழுக்கக் கறுப்புப் பூஞ்சை. வெற்றி என்று நினைத்து அந்தப் பலகையைப் படம் எடுத்துக் கம்பெனிக்கு அனுப்பினேன். பதில் இரண்டே வரி. உரிமையாளரே சுவரைப் பிரித்துவிட்டபடியால் இனி இந்த வண்டியின் சுவருக்கும் கூரைக்கும் வாரண்டி செல்லாது.

கர்ட் சத்தம் போடவில்லை. "அலமாரி இருந்தா நீ திறந்து பாப்ப. சரி. சுவரைக்கூடவா அன்னி?" என்று மட்டும் கேட்டார். அதற்குச் சத்தம் போட்டிருக்கலாம்.

சுவருக்குள் மூன்று விஷயங்களைப் பார்த்தேன். கூரையும் சுவரும் சேருமிடத்தில் ஒரு சிறு இடுக்கு, அதன் வழியாக வெளிச்சம் தெரிகிறது. வண்டி முழுவதும் அந்த இணைப்பில் வெள்ளைப் பசை அடைத்திருக்கிறது, இந்த ஒரு மூலையில் மட்டும் இல்லை. இரண்டாவது, ஆணி. ஸ்டேப்ளர் பின்னுக்கு அண்ணன் மாதிரி இரட்டைக்கால் ஆணி அடித்துப் பலகையைப் பிடிக்கவைத்திருக்கிறீர்கள் இல்லையா? மற்ற இடங்களில் சாணுக்கு ஒன்றாகத்தான் இருக்கிறது. இந்த மூலையில் மட்டும் ஈ மொய்த்த மாதிரி அடித்திருக்கிறது. ஏன்? யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், விளங்கவில்லை.

மூன்றாவது, குளிர் தடுக்கச் சுவருக்குள் திணித்திருக்கும் பஞ்சின் காகித ஓரத்தைத் தூக்கிப் பார்த்தபோது மரச்சட்டத்தில் பென்சிலால் எழுதியிருந்த உங்கள் பெயர். அதன் பக்கத்தில் ஒரு கூட்டல் குறி, இன்னொரு பெயர். கீழே, 'அக்டோபர். இன்னும் யாருக்கும் தெரியாது.' அந்த இன்னொரு பெயரை நான் இங்கே எழுதவில்லை. உறையில் உங்கள் பெயரையும் தொழிற்சாலை இருக்கும் ஊரையும் மட்டும் எழுதி அனுப்புகிறேன், இந்தக் கடிதம் எந்தக் கைகளின் வழியாக வருமோ!

உங்களுக்கு இந்த வண்டி நினைவிருக்கிறதா? அந்த மூலையில் ஏன் பசை இல்லை? வேறு யாரைக் கேட்பது என்று தெரியவில்லை. அப்புறம், கேட்கக் கூடாதுதான், அந்த அக்டோபரில் கல்யாணம் நடந்ததா?

முன்பின் அறியாத,
அன்னிக்கா லுண்ட்


ஷிப்ஷெவானா, இண்டியானா
மார்ச் 17

அன்னிக்காவுக்கு,

கர்த்தருடைய சமாதானம் உங்கள் மூவருக்கும், ஒழுகுகிற கூரைக்கும் உண்டாவதாக. பெயர் சொல்லிக் கூப்பிடுவதைத் தப்பாக நினைக்க வேண்டாம். மோட்டார் கார் இல்லாமல் குதிரை வண்டியில் போகிற, பழைய முறையில் வாழும் கிறிஸ்தவச் சபை எங்களுடையது; எங்களிடையே மிஸ்டர், மிஸஸ் எல்லாம் கிடையாது. பிரசங்கியார்கூட வெறும் பெயர்தான். என்னையும் லவீனா என்றே எழுதுங்கள்.

இங்கே இரவில் உறைபனி, பகலில் வெயில். மேப்பிள் மரங்களில் இனிப்புச் சாறு இறங்குகிறது. அதைப் பாகாகக் காய்ச்சுவதால் எல்லார் வீட்டுக் கொட்டகையிலும் புகை. எனக்குப் பாகு வாசனையே ஆகவில்லை, ஏனென்றால் ஜூலையில் எனக்கும் ஒரு குழந்தை பிறக்கப்போகிறது.

உங்கள் கடிதம் நேராக என்னிடம் வரவில்லை. இந்தப் பக்கம் லவீனா ஷ்ராக் என்று ஏழெட்டுப் பேர் இருக்கிறோம். தபால்காரர் அதைப் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுக்கும் லவீனாவிடம் கொடுத்துவிட்டார். அவள் படித்துவிட்டு, குதிரை வண்டியைப் பூட்டிக்கொண்டு நேராக என் சமையலறைக்கு வந்து நின்றாள்.

"இந்தா, இது உனக்குத்தான். என் பேருக்குப் பக்கத்துல கூட்டல் போட இன்னும் எவனும் பிறக்கல."

"சரி, குடு."

"யாருடி அந்தக் கூட்டல்?"

நான் காப்பி ஊற்றினேன்.

"உன் வீட்டுக்காரர் வெர்னன்தானே? வேற யாரு! ஊமை மாதிரி இருந்துகிட்டு சுவத்துல எழுதற அளவுக்கா?" என்று அவளே கேட்டு அவளே சிரித்துக்கொண்டாள். நான் கேக் வெட்டினேன். பெரிய துண்டாக வெட்டினேன், வாய் நிறைய இருக்கட்டும் என்று.

இப்போது உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். நான் செய்த வேலை, சுவர்ச் சட்டங்களுக்கு நடுவே மஞ்சள் பஞ்சு திணிப்பது. எங்கள் தொழிற்சாலையில் விடியுமுன் நாலு மணிக்கே இறங்கிவிடுவோம். நாளுக்கு இத்தனை வண்டி என்று கணக்கு. கணக்கு முடிந்தால் வீட்டுக்குப் போகலாம், மதியத்துக்குள் அவரவர் தோட்டத்தில் இருப்போம். அதனால் யாரும் யாருக்காகவும் நிற்பதில்லை. நான் பஞ்சு வைத்துவிட்டு அடுத்த வண்டிக்கு ஓடுவேன். பின்னாலேயே பசைக்காரர் வந்து மேல் இணைப்பை அடைப்பார். அவருக்குப் பின்னால் பலகைக்காரர் வந்து சுவரை மூடுவார். அந்த மூலையில் பசைக்காரர் கை வைத்தாரா இல்லையா என்பதை நான் திரும்பிப் பார்த்திருக்க மாட்டேன்.

ஆணிக் கேள்விக்கும் என்னிடம் பதில் இல்லை. பலகை அடித்தவரைத்தான் கேட்க வேண்டும். அன்றைக்கு அந்த வரிசையில் பலகை அடித்தவர் வெர்னன் லேம்பிரைட். போன இலையுதிர் காலத்திலிருந்து நானும் லேம்பிரைட். ஆனால் அவரிடம் இதைப் பற்றி நான் கேட்க முடியாது. ஏன் என்று உங்களுக்கு இப்போது புரிந்திருக்கும். நீங்கள் அந்த இன்னொரு பெயரைப் படித்தவர்.

எழுதியதை, பஞ்சின் காகித ஓரத்தை இழுத்துவிட்டு நான்தான் மூடினேன். அதன்மேல் பலகையும் வந்துவிடும், வண்டி எங்கேயோ தூர தேசத்துக்குப் போய்விடும், யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். கேக் கரண்டியை நான் நினைத்துப் பார்க்கவில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த எழுத்தை யாருக்கும் காட்ட வேண்டாம். ஜூனியின் இருமலுக்குத் தேனில் வெங்காயம் ஊறவைத்துக் கொடுங்கள்.

உங்கள்,
லவீனா


ஸ்டார்ம் லேக்
மார்ச் 26

அன்புள்ள லவீனா,

முதலில் நல்ல செய்திக்கு மகிழ்ச்சி. ஜூலைக் குழந்தை நல்ல குழந்தை, துணி உலர்த்தச் சிரமமில்லை. வெங்காயத் தேனை ஜூனி முதல் கரண்டி துப்பினாள், இரண்டாவதற்கு வாயைத் திறந்தாள். இருமல் குறையவில்லை. அவளை இப்போது சாப்பாட்டு மேஜையை மடக்கிப்போட்டு அதன்மேல் படுக்க வைக்கிறேன். சாப்பிடுகிற இடம் போய்விட்டது. கர்ட் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, ஸ்டியரிங் மேல் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிடுகிறார்.

என் கடிதம் உங்களை இப்படி ஒரு கேக் துண்டுக்குப் பின்னால் ஒளியவைக்கும் என்று நினைக்கவில்லை. மன்னியுங்கள். கேட்கக் கூடாது என்று பேனாவை மூடி வைத்துவிட்டேன். பாத்திரம் கழுவிவிட்டு வந்து மறுபடி திறந்துவிட்டேன். என்ன ஆனார் அவர்? சொல்ல வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். எனக்கு எதையும் பாதி மூடியபடி விடத் தெரியவில்லை, அதனால்தான் வாரண்டியையே தொலைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ஆனால் இன்றைக்கு எழுதுவதற்குக் காரணம் வேறு. நான் விடாமல் போன் செய்ததில் பிராண்டிக்கே இரக்கம் வந்து, மேலதிகாரியிடம் பேசியிருக்கிறாள். கடைசியாக ஒரு தடவை பரிசீலிப்பார்களாம்.

"பிரிச்ச சுவர் முழுசும் தெரியற மாதிரி ஒரு படம் வேணும் மேடம். கூரையிலேர்ந்து படுக்கை வரைக்கும். எதையும் மறைக்கக் கூடாது, துடைக்கக் கூடாது. இருக்கறது இருந்தபடி. ஏப்ரல் முடியறதுக்குள்ள அனுப்பிடுங்க."

"படத்தை யார் பாப்பாங்க?"

"தொழிற்சாலைக்குத்தான் அனுப்புவோம். அந்த வரிசையில வேலை செஞ்சவங்ககிட்ட காட்டிக் கேப்பாங்க."

உங்கள் எழுத்து அந்த இடுக்குக்கு ஒரு சாண் கீழே இருக்கிறது. ஒன்றை விட்டு ஒன்றைப் படம் எடுக்க முடியாது. விரலால் மறைத்தால் அங்கே என்ன என்று கேட்பார்கள். துடைத்தால் மறுபடியும் சுவரைத் தொட்டவள் ஆவேன், பரிசீலனையும் போய்விடும்.

கர்ட்டுக்கு இது புரியவே இல்லை. "படத்தை அனுப்பிடு, அன்னி. அவ யாரு, நம்ம சித்தி பொண்ணா?"

"அவளுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு கர்ட். வேற ஆளோட."

"அதுக்கு? பென்சில்ல எழுதினா அது தப்பா? ஜூனி இருமறது உன் காதுல விழலையா?"

விழுகிறது. அவர் கோபுரத்தின் உச்சியில் வேலை செய்யும் நேரம் முழுவதும் அதைக் கேட்டுக்கொண்டிருப்பவள் நான்தான். அவர் சொல்வதில் தப்பு என்ன என்று தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

அதனால் உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். உங்களைக் கேட்காமல் அனுப்ப மனம் வரவில்லை. நீங்கள் வேண்டாம் என்று சொன்னால் அனுப்பாமல் இருப்பேன் என்று வாக்குக் கொடுக்கவும் தைரியம் இல்லை. உங்கள் பதில் வரும் வரை அனுப்ப மாட்டேன், அதை மட்டும் நம்பலாம்.

உங்கள்,
அன்னிக்கா


ஷிப்ஷெவானா
ஏப்ரல் 11

அன்பு அன்னிக்கா,

'நீ' என்றே எழுதிவிடுகிறேன். என் எழுத்துக்குக் கீழே உன் மகள் படுத்திருந்தவள், இனிமேல் என்ன மரியாதை.

உன் கடிதத்தை மாவு டப்பாவுக்குப் பின்னால் வைத்தேன். ரொட்டி சுடும்போதெல்லாம் எடுத்துப் படித்தேன். ஒரு குழந்தை இருமுவதைக் காகிதத்தில் கேட்க முடியும் என்று எனக்குத் தெரியாது.

நீ கேட்டதைச் சொல்கிறேன். அவன் பெயர் ஃப்ரீமன், உனக்கு அது தெரியும். குதிரைச் சேணம் தைப்பவரின் மகன். எங்களிடையே கல்யாணப் பேச்சு வெளியே வரக் கூடாது. சில வாரங்களுக்கு முன் சபையில் பிரசங்கியார் எழுந்து அறிவிக்கிற வரை பெற்றவர்களைத் தவிர யாரிடமும் மூச்சு விடமாட்டோம். பக்கத்தில் நின்று பஞ்சு வைக்கிறவளிடம்கூடச் சொல்ல முடியாது. வாயை மூட முடிந்தது, கையை மூட முடியவில்லை. காதில் பென்சில் இருந்தது. எழுதிவிட்டேன். அறிவிப்பதற்கு முந்தின வாரம் ஒரு பழைய பிக்கப் வண்டியை வாங்கிக்கொண்டு அவன் ஃபுளோரிடாவுக்குப் போய்விட்டான். சபையையும் விட்டுவிட்டான். யாருக்கும் தெரியாத கல்யாணம் நின்றுபோனால் யாரிடம் போய் அழுவது, சொல்? என் அம்மா மட்டும் இரண்டு நாள் கோழிக்குஞ்சு மாதிரி என்னை அடைகாத்தாள். மூன்றாம் நாள் வேலைக்குப் போய்ப் பஞ்சு வைத்தேன்.

அடுத்த வசந்தத்தில், ஒரு ஞாயிறு மாலை இளையவர்கள் பாட்டுக் கூடலுக்குப் பிறகு, வெர்னன் தன் குதிரை வண்டியில் என்னை வீட்டில் விடட்டுமா என்று கேட்டார். நான் எதையும் சொல்லவில்லை. அவர் எதையும் கேட்கவில்லை. அப்படியே கல்யாணமும் ஆகிவிட்டது.

நேற்று அவர் பால் கறக்கும்போது போய் நின்றேன்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"கோவப்படக் கூடாது."

"இவ உதைக்கறதுக்குள்ள சொல்லிடு, லவீனா."

சொன்னேன். அயோவா, வாரண்டி, கேக் கரண்டி, கடைசியாக ஃப்ரீமன். பால் வாளியில் விழும் சத்தம் நிற்கவே இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

"பெரிய பெரிய எழுத்து," என்றார். "கீழ அக்டோபர்னு."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான்தானே மூடினேன்."

அப்புறம்தான் அவர் கை நின்றது. அன்றைக்கு நான் இழுத்துவிட்ட காகித ஓரம் அவர் வருவதற்குள் கழன்று தொங்கிக்கொண்டிருந்ததாம். படித்துவிட்டாராம். பசைக்காரர் டெல்பர்ட் ஒரு வண்டி பின்தங்கி, ஏணியோடு வந்துகொண்டிருந்திருக்கிறார்.

"டெல்பர்ட் காதுல ஒரு சேதி விழுந்தா சாப்பாட்டு நேரத்துக்குள்ள மூணு ஊருக்குத் தெரியும். பாவம், யாருக்கும் தெரியாதுன்னு எழுதியிருக்கு அந்தப் பொண்ணுன்னு நெனச்சேன். காகிதத்தை மறுபடி இழுத்துவிட்டு, பலகையை எடுத்து மூடிட்டேன். அவன் வந்து பாத்தான், மூடியிருக்கு, பசை போட்டாச்சு போலன்னு அடுத்த வண்டிக்குப் போயிட்டான்."

"பசை போடலைன்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும். சொன்னா பிரிக்கச் சொல்வாங்க. பிரிச்சா எல்லாரும் படிப்பாங்க. அதனால நாலு அடிக்கிற இடத்துல நாப்பது அடிச்சேன். ஆணி அடிச்சா தண்ணி நின்னுடும்னு நெனச்ச மடையன் நான்."

உன் ஆணிக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது, அன்னிக்கா.

நான் கேட்டேன், "அப்ப நான் உங்களுக்கு யாரு?"

"பஞ்சு வைக்கிற பொண்ணு," என்றார். திரும்பவும் கறக்க ஆரம்பித்துவிட்டார். கொஞ்சம் கழித்து, "அந்தக் குழந்தைக்கு என்ன வயசு?" என்று கேட்டார். இரண்டரை என்றேன். "நான் போய்ச் சொல்லிடறேன். படம் எதுக்கு?" என்றார்.

நாங்கள் கோர்ட்டுக்குப் போவதில்லை, சத்தியம் செய்வதில்லை. ஆனால் செய்ததைச் செய்தேன் என்று சொல்லலாம். "ஏன் மூடினேன்னு கேட்டா என்ன சொல்வீங்க?" என்றேன். "மூடணும்னு அவசரம்னு சொல்வேன். அது நெஜம்தானே?" என்றார்.

இன்று காலை மேஸ்திரியிடம் போய்ச் சொல்லிவிட்டார். அதோடு அவரைப் பலகை வேலையிலிருந்து எடுத்துவிட்டு, முற்றத்தில் முடிந்த வண்டிகளைக் கழுவ விட்டிருக்கிறார்கள். வந்து தொப்பியைக் கழற்றி மாட்டிவிட்டு, "வெயில் நல்லா இருக்கு," என்றார். அவ்வளவுதான்.

படத்தை இன்னும் கொஞ்ச நாள் அனுப்பாமல் இரு. கம்பெனி என்ன சொல்கிறது பார்ப்போம்.

உன்,
லவீனா


ஸ்டார்ம் லேக்
ஏப்ரல் 27

என் அன்பு லவீனா,

மறுபடியும் ஊர் அடங்கிய நேரம்தான். ஆனால் இன்றைக்கு மன்னிப்புக் கேட்கப்போவதில்லை, உனக்கு என்னைப் பழகிவிட்டது.

பிராண்டி கூப்பிட்டாள். எடுத்த எடுப்பில், "மேடம், நீங்க மூச்சு விட்டதால இல்லையாம்!" என்றாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"உங்க சுவத்தை மூடின ஆளே வந்து சொல்லிட்டாருங்க. நான் இந்த நாற்காலியில உக்காந்ததுலேர்ந்து இப்படி ஒருத்தரைப் பாத்ததில்ல. படமெல்லாம் வேண்டாம். வாரண்டி திரும்பி வந்தாச்சு. மே ரெண்டாவது வாரம் வண்டியைத் தொழிற்சாலைக்கே கொண்டுவாங்க. ஆனா அதுவரைக்கும் ஒண்ணும் தொடக் கூடாது. இன்னொரு தடவை கை வெச்சீங்கன்னா நானே காப்பாத்த முடியாது. அந்தக் கரண்டியை எங்கயாவது ஒளிச்சு வைங்க."

கர்ட்டிடம் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். நாற்பது ஆணி வந்த இடத்தில் அவர் தலையைக் குனிந்துகொண்டு ஜூனியின் காலணியைக் கட்டிக்கொண்டே இருந்தார். அவள் அன்றைக்கு வெறுங்காலோடுதான் இருக்க ஆசைப்பட்டாள், பாவம்.

எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். பிராண்டி போனை வைக்கிற நேரத்தில் என் வாய் சும்மா இருக்கவில்லை. "அங்க யாரு பழுது பாப்பாங்க?" என்று கேட்டேன். வெறும் ஆர்வம்தான்.

"நல்ல ஆளுங்க. கலகலன்னு பேசிட்டே வேலை செய்வாரு. டெல்பர்ட்னு பேரு."

லவீனா, நான் பலகை கழன்ற அந்தச் சுவருக்கு எதிரே உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். உன் எழுத்து அப்படியே இருக்கிறது. ஒரு சொட்டுத் தண்ணீர் அதன்மேல் வழியவில்லை, பக்கத்தில்தான் இறங்கியிருக்கிறது. இவ்வளவு நாளும் இந்தச் சுவரில் இரண்டு பெயர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது ஆளையும் நான் பார்த்திருக்கிறேன். ஒரு மதியம் முழுக்கக் குறடு வைத்துப் பிடுங்கிப்போட்டதெல்லாம் அவருடையதுதான். அந்த ஆணிகளை எறியவில்லை. ஒரு ஜாம் புட்டியில் போட்டு வைத்திருக்கிறேன். ஏன் எறியவில்லை என்று அன்றைக்குத் தெரியாது. எனக்கு எதையுமே எறிய வராது, கல்லைக்கூட.

இன்று சாயங்காலம் கர்ட் வேலையிலிருந்து வந்து, மரம் தேய்க்கும் உப்புத்தாள் ஒன்றை என் முன்னால் வைத்தார்.

"இது எதுக்கு?"

"நீ கேப்பேன்னு தெரியும். கேக்கறதுக்கு முன்னாடியே வாங்கிட்டு வந்துட்டேன்."

"தேய்ச்சா வாரண்டி போயிடும் கர்ட்."

"போகட்டும். எங்க பசை இல்லன்னு இப்பத் தெரியுமில்ல? நாளைக்கே நான் கூரை மேல ஏறறேன். எனக்கு உயரம் ஒண்ணும் புதுசில்ல."

சித்தி பெண்ணா என்று கேட்ட மனிதர்!

ஆனால் என்னால் சட்டென்று தேய்த்துவிட முடியவில்லை. வெர்னன் போய்ச் சொல்லிவிட்டு முற்றத்தில் வண்டி கழுவுகிறாரே, அது இந்த வாரண்டிக்காகத்தான். அதை நான் ஒரு உப்புத்தாளில் தேய்த்து எறிவது அவருக்குச் செய்கிற நன்றியா? அதே நேரம், அவர் பூஞ்சை பிடிக்கிற அளவுக்குக் காப்பாற்றி வைத்த ஒன்றை டெல்பர்ட்டின் ஏணிக்கு எதிரே திறந்து நிறுத்த எனக்குக் கை வருமா? ஒருவேளை உனக்கே இப்போது அதில் ஒன்றும் இல்லையோ என்னமோ. வெர்னனுக்குத் தெரிந்தபிறகு ஊருக்குத் தெரிந்தால் என்ன என்று நீ நினைக்கலாம். உங்கள் ஊர் எப்படி என்று எனக்குத் தெரியாது, உனக்குத்தான் தெரியும். முதல் தடவை உன்னைக் கேட்காமல் பிரித்துவிட்டேன். இந்தத் தடவை கேட்டுவிட்டுத்தான் தொடுவேன்.

ஃப்ரீமனைப் பற்றி இனி ஒரு கேள்வியும் கேட்க மாட்டேன், கவனித்தாயா? எனக்கு இப்போது தெரிந்துகொள்ள ஆசை இரண்டே இரண்டுதான். ஜூலையில் பிறக்கப்போவது பையனா பெண்ணா என்பது ஒன்று. மற்றது, இந்த எழுத்தைத் தேய்க்கட்டுமா, விடட்டுமா என்பது. நீ தேய்க்கச் சொன்னால் தேய்ப்பேன். வாரண்டி மறுபடி போனால், தெரிந்த ஓட்டையை நானும் கர்ட்டும் அடைத்துக்கொள்வோம். வெர்னனிடம் அதற்கு நீதான் எனக்காக மன்னிப்புக் கேட்க வேண்டும். விடச் சொன்னால், காகித ஓரத்தை நன்றாக இழுத்து மூடி, டெல்பர்ட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு பெரிய கேக்கோடு உட்கார்ந்திருப்பேன். வெட்டும் அளவு உன்னிடமிருந்து கற்றுக்கொண்டுவிட்டேன். எப்படியானாலும் அந்த ஜாம் புட்டி உன் வீட்டுக்கு வரும்.

ஜூனி இன்றைக்கு இரண்டே தடவைதான் இருமினாள். வண்டி மே எட்டாம் தேதி இங்கிருந்து கிளம்புகிறது. அதற்குள் எனக்குத் தெரிய வேண்டும். தயவுசெய்து சீக்கிரம் பதில் எழுது.

உன்,
அன்னிக்கா